கிழட்டு மேன்ஷன்... இளசான விலை!

மேன்ஷன்! இந்த வார்த்தையைக் கேட்டதும் உங்க மனசுல என்ன ஓடும்? திருவல்லிக்கேணி. எட்டுக்குப் பத்து ரூம். மூணு கட்டில், நாலு பேர். கொடியில காயுற லுங்கி. காலங்காத்தால பாத்ரூம் வாசல்ல பக்கெட்டோட க்யூ. கரெக்டா?

ஜப்பான்காரங்களும் இதே வார்த்தையைத்தான் வெச்சிருக்காங்க. 'மன்ஷோன்'! ஆனா, அங்கே அர்த்தமே வேற. கான்கிரீட்ல கட்டின அடுக்குமாடிக் குடியிருப்புக்குத்தான் அந்தப் பேரு. மரத்துலயோ, லேசான இரும்புச் சட்டத்துலயோ கட்டின ரெண்டு மாடி வாடகைக் கட்டிடம்னா அது 'அபாத்தோ'. இங்கிலீஷ்ல மேன்ஷன்னா மாளிகை. 'அம்பது சதுர மீட்டர் மாளிகையா?'னு வெள்ளைக்காரங்க சிரிப்பாங்க. நம்ம திருவல்லிக்கேணிக்காரங்க சிரிக்க மாட்டாங்க!

போன வாரம் ஜெர்மனியில வாடகைக்கு ரூம் பிடிக்கிற கூத்தைப் பார்த்தோம். இந்த வாரம் ஜப்பான். அதுவும் வாடகை இல்லை, சொந்தமா வாங்குறது. 'ஹலோ, அரியர் பேப்பருக்கு ஃபீஸ் கட்டவே காசு இல்லை, ஜப்பான்ல வீடா?'ங்கிறீங்களா? பொறுங்க பாஸ். உங்க காலேஜ்லயும் ஜப்பானிய மொழி கத்துக்கிட்டு டோக்கியோவுக்கு ஃப்ளைட் ஏறின சீனியர் ஒருத்தராவது இருப்பார். நாளைக்கு நீங்களும் போகலாம். போனா ஒரு நாள் இந்தச் சபலம் வந்தே தீரும். ஏன்னா, விலை அப்படி!

முதல்ல பயமுறுத்துற நம்பர். 2023-ல டோக்கியோவின் 23 வார்டுகள்ல புதுசா விற்பனைக்கு வந்த ஃப்ளாட்களோட சராசரி விலை பதினோரு கோடி யென்னைத் தாண்டிடுச்சு. ஒரு யென் நம்ம காசுல அறுபது பைசா பக்கம்னு வெச்சுக்கிட்டா ஆறரைக் கோடி ரூபாய்க்கு மேல. சரி, அதை விடுங்க. அதே டோக்கியோவுல ரயிலேறி மேற்கே முக்கால் மணி, ஒரு மணி நேரம் போங்க. ஸ்டேஷன்ல இறங்கி பஸ் பிடிங்க. மேட்டுல வரிசையா வெள்ளை வெள்ளையா அஞ்சு மாடிக் கட்டிடங்கள். ஒவ்வொண்ணு நெத்தியிலயும் பெரிசா ஒரு நம்பர். அங்கே அம்பது லட்சம் யென்னுக்கு ஒரு ஃப்ளாட். அதாவது முப்பது லட்சம் ரூபாய்! தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு பெட்ரூம் இந்த விலைக்குக் கிடைக்குமானு கேட்டா, நாமளே கொஞ்சம் யோசிப்போம்.

அப்புறம் ஏன் ஜப்பான்காரங்க முண்டியடிச்சு வாங்கலை? அங்கேதான் கதையே இருக்கு.

போர் முடிஞ்ச பிறகு ஜப்பான்ல வீட்டுக்கு அவ்வளவு பஞ்சம். 1955-ல அரசாங்கம் வீட்டு வசதிக் கழகம் ஒண்ணை ஆரம்பிச்சது. ஊருக்கு வெளியே மலையை வெட்டி, காட்டைத் திருத்தி, கொத்துக் கொத்தா கட்டிடங்களை எழுப்பினாங்க. அதுக்குப் பேரு 'தான்ச்சி'. நம்ம ஹவுஸிங் போர்டு மாதிரினு வெச்சுக்கோங்க. வாடகைக்கு விட்டது பாதி, தவணையில வித்தது மீதி. ஒசாகா பக்கத்துல செண்ரி நியூ டவுனுக்கு 1962-ல குடி வந்தாங்க. டோக்கியோவுக்கு மேற்கே தாமா நியூ டவுனுக்கு 1965-ல திட்டம் போட்டு, 1971-ல முதல் குடும்பங்கள் பெட்டி படுக்கையோட வந்து இறங்கினாங்க.

வந்தது யாரு? எல்லாரும் முப்பது வயசு தம்பதிங்க. கையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே சமயத்துல பிள்ளைங்க வளர்ந்தாங்க. ஒரே சமயத்துல ஸ்கூல் நிரம்பி வழிஞ்சது. ஒரே சமயத்துல பிள்ளைங்க கிளம்பிப் போனாங்க. இப்போ? ஒரே சமயத்துல எல்லாருக்கும் வயசாகிடுச்சு! அரசாங்கம் 2023-ல எடுத்த மேன்ஷன் கணக்கெடுப்பு ஒண்ணு இருக்கு. 1984-க்கு முன்னாடி கட்டின கட்டிடங்கள்ல, வீட்டுத் தலைவர் எழுபது வயசு தாண்டின வீடுகள் பாதிக்கும் மேல. கட்டிடமும் தாத்தா, உள்ளே இருக்கிறவரும் தாத்தா. இதை அங்கே 'ரெண்டு முதுமை'னே சொல்றாங்க.

இன்னொரு காரணம் மனசு சம்பந்தப்பட்டது. நம்ம ஊர்ல வீடுன்னா தங்கம் மாதிரி, வெச்சிருந்தா ஏறும்னு அப்பா சொல்வார். ஜப்பான்ல வீடுன்னா கார் மாதிரி. ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கும். வரிக் கணக்குக்கு மர வீட்டோட ஆயுள் 22 வருஷம், கான்கிரீட் வீட்டுக்கு 47 வருஷம்னு சட்டத்துலயே போட்டிருக்கு. இது தேய்மானக் கணக்குக்கான நம்பர்தான். 47-வது வருஷம் பர்த்டே கேக் வெட்டினதும் கட்டிடம் பொலபொலனு உதிராது. நல்லா பராமரிச்சா கான்கிரீட் அதையெல்லாம் தாண்டி நிக்கும். ஆனா, வாங்குறவங்க மனசுலயும் பேங்க் மேனேஜர் மனசுலயும் அந்த நம்பர் ஆணி அடிச்ச மாதிரி உக்கார்ந்திருக்கு.

ஓகே. நீங்க ஒரு ஃப்ளாட்டைப் பார்க்கப் போறீங்க. புரோக்கர் ஒரு பேப்பரை நீட்டறார். '3 டி.கே., ஸ்டேஷன்ல இருந்து நடந்து 15 நிமிஷம், 52 சதுர மீட்டர், 1973.' இதைப் படிக்கத் தெரிஞ்சா பாதி ஜப்பான் புரிஞ்ச மாதிரி!

3 டி.கே-னா மூணு ரூம், கூடவே சாப்பாட்டு மேஜை போடுற அளவுக்கு ஒரு கிச்சன். ஹால் கிடையாது. ஹாலும் சேர்ந்தா 'எல்.டி.கே.' ரூமோட அளவை 'தாதாமி' பாய்க் கணக்குல சொல்வாங்க. ஆறு பாய் ரூம், நாலரைப் பாய் ரூம்... இப்படி. விளம்பரத்துல ஒரு பாய்னா குறைஞ்சது 1.62 சதுர மீட்டர் இருக்கணும்னு விதி.

'நடந்து 15 நிமிஷம்' யாரோ நடந்து பார்த்து எழுதினது இல்லை பாஸ். எண்பது மீட்டருக்கு ஒரு நிமிஷம்னு கணக்குப் போட்டுத்தான் எழுதணும். அந்தக் கணக்குல சிக்னல்ல நிக்கிற நேரம் கிடையாது. மேடு கிடையாது. தாமா மாதிரி மலை ஊர்ல, ஆகஸ்ட் வெயில்ல, அரிசி மூட்டையைத் தூக்கிட்டு ஏறிப் பாருங்க... பதினஞ்சு இருபத்தஞ்சு ஆகும்.

52 சதுர மீட்டர்லயும் ஒரு வேலை இருக்கு. விளம்பரத்துல பொதுவா சுவரோட நடுவுல இருந்து நடுவு வரைக்கும் அளந்த கணக்கு. பதிவு ஆபீஸ் கணக்கு சுவரோட உள்பக்கம் அளந்தது, அதனால கொஞ்சம் குறையும். நம்ம ஊர் சூப்பர் பில்ட்-அப் கொள்ளையோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்லை. ஆனா, வீட்டுக் கடன் வரிச்சலுகைக்குப் பதிவுக் கணக்கைத்தான் பார்ப்பாங்க. அதுல எல்லைக்கோடு 50 சதுர மீட்டர் (சில பேருக்கு 40). விளம்பரத்துல 52-னு பார்த்து சந்தோஷப்பட்டு, பத்திரத்துல 49 ஆகிட்டா, நிபந்தனையைத் திரும்பப் படிக்கணும்.

அந்தப் பேப்பர்ல எழுதாத விஷயம், லிஃப்ட் இல்லை. அஞ்சு மாடி வரைக்கும் இருக்கிற பழைய தான்ச்சிகள்ல பெரும்பாலும் கிடையாது. அதனால மேல் மாடி ஃப்ளாட்தான் ரொம்ப சல்லிசு. நம்ம வயசுக்கு அஞ்சு மாடி ஜுஜுபி. அந்த மாடியில இருக்கிற பாட்டிக்கு? அவங்க வாரத்துக்கு ஒரு தடவை இறங்கினாலே பெரிசு. நீங்க விக்கப் போற அன்னைக்கு வாங்க வர்றவரும் அந்தப் படியை ஏறித்தான் வரணும், மறந்துடாதீங்க.

இப்போ '1973'-க்கு வருவோம். இது சும்மா வயசு இல்லை. 1978-ல மியாகி பகுதியில பெரிய பூகம்பம். அதுல கிடைச்ச பாடத்தை வெச்சு, கட்டிட விதியை மாத்தினாங்க. 1981 ஜூன் 1-லிருந்து புது விதி. ரொம்பக் கடுமையான ஆட்டத்துலயும் கட்டிடம் இடிஞ்சு விழக் கூடாது, உள்ளே இருக்கிற உயிர் தப்பணும்கிறதுதான் அதோட கணக்கு. 1995-ல கோபே பூகம்பம் வந்தப்போ, பழைய விதிக் கட்டிடங்களுக்கும் புது விதிக் கட்டிடங்களுக்கும் இருந்த வித்தியாசம் வெட்ட வெளிச்சமாகிடுச்சு.

இங்கே ஒரு சூட்சுமம். கட்டி முடிச்ச தேதியைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிளான் அப்ரூவல் வாங்கின தேதிதான் முக்கியம். '1982-ல கட்டினது, புது விதிதான்'னு புரோக்கர் சொன்னா, அப்ரூவல் 1980-ல வாங்கியிருந்தா அது பழைய விதிக் கட்டிடம்தான். அதே சமயம் பழசுன்னாலே பல்லைக் கடிக்கவும் வேண்டாம். தூண்கள் இல்லாம கான்கிரீட் சுவர்களே பாரம் தாங்குற அஞ்சு மாடிக் கட்டிடங்கள், பழைய விதியில கட்டினதா இருந்தும், கோபேயில பெரும்பாலும் தாக்குப் பிடிச்சது. 'பூகம்பத் தாங்குதிறன் சோதனை செஞ்சீங்களா, ரிப்போர்ட் இருக்கா?'னு கேளுங்க. செஞ்சிருந்தா நல்லது. செஞ்சு, ஃபெயிலாகி, பலப்படுத்தாம விட்டிருந்தா நமஸ்காரம் சொல்லிட்டு வந்துடலாம். செய்யவே இல்லைன்னா ஏன் செய்யலைனு கேளுங்க. 'செஞ்சா ரிசல்ட் வெளியே சொல்லணும், விலை இறங்கிடும்'னு அசோசியேஷன்லயே சில பேர் தடுப்பாங்க. பரீட்சை எழுதலைன்னா ஃபெயில் இல்லைங்கிற லாஜிக். நமக்குத் தெரியாததா!

இது வரைக்கும் பார்த்தது எல்லாம் டிரெய்லர்தான். மெயின் பிக்சர் இனிமேதான்.

ஜப்பான்ல ஒரு வழக்கு உண்டு. 'மேன்ஷனை வாங்காதே, அதன் நிர்வாகத்தை வாங்கு.' ஃப்ளாட்டுக்குக் காசு கொடுத்து முடிச்சதும் செலவு முடியலை. மாசா மாசம் ரெண்டு பில் வரும். ஒண்ணு, நிர்வாகக் கட்டணம். கூட்டறது, பெருக்கறது, மாடிப்படி லைட்டு, லிஃப்ட் இருந்தா அதோட சர்வீஸ். நம்ம மெயின்டனன்ஸ்தான். ரெண்டாவது, பழுதுபார்ப்பு சேமிப்பு. நம்ம ஊர்ல கார்ப்பஸ் ஃபண்டுனு ஒரு தடவை வாங்கிட்டு, அப்புறம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல சண்டை போடுவோமே... அங்கே அதை மாசச் சந்தாவா ஆக்கிட்டாங்க. பன்னிரண்டு, பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கட்டிடம் முழுக்கச் சாரம் கட்டி, விரிசல் அடைச்சு, பெயின்ட் அடிச்சு, மொட்டைமாடிக்கு நீர்க்கசிவு தடுப்பு போட்டு, பெரிய சர்வீஸ் பண்ணுவாங்க. அப்புறம் தண்ணிக் குழாய், கழிவுக் குழாய் மாத்தற வேலை தனி. அதுக்கான காசுதான் இந்த உண்டியல்.

இந்த உண்டியல்ல எவ்வளவு இருந்தா சரி? அரசாங்கமே ஒரு வழிகாட்டி போட்டிருக்கு. இருபது மாடிக்குக் கீழே, மொத்தப் பரப்பு 5,000 சதுர மீட்டருக்கும் குறைவான சின்னக் கட்டிடம்னா, ஒரு சதுர மீட்டருக்கு மாசம் சராசரியா 335 யென். உங்க 52 சதுர மீட்டருக்குப் பெருக்கினா 17,400 யென் சொச்சம். இப்போ புரோக்கர் பேப்பரைத் திரும்பப் பாருங்க. 'பழுது சேமிப்பு மாசம் 6,000 யென் மட்டுமே!'னு சந்தோஷமா போட்டிருக்கா? அது தள்ளுபடி இல்லை பாஸ், கடன்! நீங்க இன்னைக்குக் கட்டாத பதினோராயிரத்தை யாராவது ஒரு நாள் கட்டியாகணும். அந்த 'யாராவது' நீங்கதான்.

ஏன் இப்படிக் குறைவா வெச்சாங்க? புதுசா விக்கும்போது மாசக் கட்டணம் கம்மியா தெரிஞ்சாத்தானே வியாபாரம் நடக்கும்! ஆரம்பத்துல கம்மி, அப்புறம் படிப்படியா ஏத்திக்கலாம்னு பிளான். ஆனா, ஏத்தறதுக்குக் கூட்டம் கூட்டி ஓட்டெடுக்கணும். பென்ஷன்ல வாழுற எழுபத்தஞ்சு வயசுப் பெரியவர்கிட்ட, 'இன்னும் முப்பது வருஷத்துக்குக் கட்டிடம் நிக்கணும், மாசம் பத்தாயிரம் சேர்த்துக் கொடுங்க'னு கேட்டா அவர் என்ன சொல்வார்? 'தம்பி, நான் நிக்கிற வரைக்கும் அது நிக்கும்!' அவர் பக்கம் இருந்து பார்த்தா அது நியாயம். உங்க பக்கம் இருந்து பார்த்தா வயித்துல புளி. முன்னாடி சொன்ன 2023 கணக்கெடுப்புலயே, திட்டத்தைவிட உண்டியல்ல காசு குறைவா இருக்குனு சொன்ன அசோசியேஷன்கள் 36.6 சதவிகிதம். மூணுல ஒண்ணுக்கு மேல!

அதனால, ஃப்ளாட்டோட சமையலறை டைல்ஸைத் தடவிப் பார்க்கிற நேரத்துல மூணு பேப்பரைக் கேளுங்க. முப்பது வருஷத்துக்கான நீண்டகாலப் பழுதுபார்ப்புத் திட்டம். பொதுக்குழு நடந்த குறிப்புகள், குறைஞ்சது மூணு வருஷத்துக்கு. அப்புறம், நிர்வாகக் கம்பெனி தர்ற ரிப்போர்ட். உண்டியல்ல எவ்வளவு இருக்கு, யார் யார் சேர்ந்து எவ்வளவு பாக்கி, கட்டிடத்து பேர்ல கடன் இருக்கா... எல்லாம் அதுல வரும். புரோக்கர் இழுத்தடிச்சா நீங்களும் இழுத்தடிங்க. பொதுக்குழு குறிப்புதான் இருக்கிறதுலயே சுவாரஸ்யம். நாலாவது மாடிக் குழாய் கசிஞ்சது, யாரோ நாய் வளர்த்தது, எந்த வீட்டுல வருஷக்கணக்கா பணம் கட்டலைங்கிறது... முழு மெகா சீரியலும் அதுல ஓடும்.

பாக்கினு சொன்னதும் ஞாபகம் வருது. பழைய ஓனர் நிர்வாகக் கட்டணத்தைக் கட்டாம விட்டிருந்தா, வாங்குற உங்ககிட்ட அசோசியேஷன் அதைக் கேட்கலாம். சட்டமே அப்படித்தான். 'நான் வாங்கறதுக்கு முன்னாடி உள்ளது'னு வசனம் பேச முடியாது.

விலை மலிவு, மாசச் செலவு மலிவு இல்லைங்கிறதுக்கு உச்சகட்ட உதாரணம் வேணுமா? நீகாட்டா மாகாணத்துல யுஸாவானு ஒரு பனிச்சறுக்கு ஊர். எண்பதுகளின் கடைசியில, காசு கொழிச்ச காலத்துல, வரிசையா சொகுசு மேன்ஷன்கள் கட்டினாங்க. வெந்நீர் ஊற்றுக் குளியல், நீச்சல் குளம், ஏகப்பட்ட அலட்டல். பிற்பாடு அதுல சில ஃப்ளாட்கள் ஒரு லட்சம் யென்னுக்கு விலை போட்டும் ஆள் வரலை. ஒரு லட்சம் யென்னுன்னா ஒரு நல்ல ஆண்ட்ராய்டு போன்! ஏன்னா, அந்தக் குளத்துக்கும் குளியலுக்கும் சேர்த்து மாசா மாசம் பில் வந்துட்டே இருக்கும். நீங்க போனாலும் வரும், போகாட்டியும் வரும்.

அது பொழுதுபோக்கு ஊர். இன்னொண்ணு கொஞ்சம் வயித்தைக் கலக்கும். ஷிகா மாகாணத்துல யாஸுனு ஒரு சிறு நகரம். அங்கே 1972-ல கட்டின மூணு மாடி மேன்ஷன், மொத்தமே ஒன்பது வீடு. சரியான நிர்வாகம் இல்லை. ஒவ்வொருத்தரா காலி பண்ணிட்டுப் போனாங்க. சுவர் உதிர்ந்து, உள்ளே இருக்கிற அறை ரோட்டுக்குத் தெரிஞ்சது. ஆஸ்பெஸ்டாஸ் வேற வெளியே தலைகாட்ட, அக்கம்பக்கம் பதறிப்போச்சு. இடிக்கணும்னா அப்போ எல்லா ஓனர்களும் சம்மதிக்க வேண்டியிருந்தது. எல்லாரையும் பிடிக்கவே முடியலை. கடைசியில 2020-ல நகராட்சியே இடிச்சுது. செலவு பதினோரு கோடியே எண்பது லட்சம் யென் பக்கம். பில்லை ஒன்பது ஓனர்கள் பேருக்கு அனுப்பினாங்க. தலைக்கு ஒரு கோடி யென்னுக்கு மேல! எப்பவோ சல்லிசா வாங்கிப்போட்ட வீட்டுக்கு, இடிச்சதுக்கான பில்!

'அப்போ பழசை இடிச்சுட்டு புதுசா கட்டிக்க வேண்டியதுதானே? நம்ம ஊர்ல பில்டர் வந்து இலவசமா கட்டித் தர்றாரே?'னு கேட்பீங்க. நல்ல கேள்வி. ஜப்பான் முழுக்க எழுநூறு லட்சம்... ஸாரி, எழுபது லட்சம் மேன்ஷன் வீடுகள். அதுல 2023 முடிவுல நாற்பது வயசைத் தாண்டினது மட்டும் கிட்டத்தட்ட 137 லட்சம்னு பயந்துடாதீங்க, 13.7 லட்சம். (யென்னுல பேசிப் பேசி சைபர் எல்லாம் நடனமாடுது!) ஆனா, 2024 ஏப்ரல் வரைக்கும் நாடு முழுக்க இடிச்சுக் கட்டி முடிச்ச மேன்ஷன்கள் முந்நூறுகூட இல்லை. காரணம், ஓட்டு. அஞ்சுல நாலு பங்கு ஓனர்கள் சரின்னு சொல்லணும். வயசானவங்க, பிள்ளைங்க வெளியூர்ல, சில வீட்டுக்கு ஓனர் யாருனே தெரியாது... எங்கே போய் நாலு பங்கு தேடுறது? இந்தத் தலைவலிக்காக 2025-ல சட்டத்தைத் திருத்தினாங்க. பூகம்பத்துக்குத் தாங்காது மாதிரி தகுந்த காரணம் இருந்தா நாலுல மூணு பங்கு போதும்னு, 2026 ஏப்ரல்லிருந்து நடைமுறை.

ஜெயிச்ச கதையும் இருக்கு. தாமா நியூ டவுன்ல சுவா 2-ம் வட்டாரம். 1971-ல கட்டின 640 வீடு. இடிச்சு, 2013-ல 1,249 வீடா எழுப்பினாங்க. கூடுதலா கட்டின அறுநூறு சொச்சம் வீட்டை வித்த காசுதான் பழைய ஓனர்களோட பாரத்தைக் குறைச்சது. ஸ்டேஷன் பக்கம், தாராளமான மனை, கட்டிக்கொள்ள அனுமதி இருந்த மிச்ச அளவு... எல்லாம் கூடி வந்தது. அப்படியும் பேச்சு ஆரம்பிச்சு முடிய இருபது வருஷத்துக்கு மேல. உங்க புரோக்கர், 'இதுவும் ஒரு நாள் அப்படி ஆகும்'னு கண்ணடிச்சா, 'ஆகும்போது சொல்லுங்க'னு நீங்களும் கண்ணடிச்சுட்டு வந்துடுங்க. பஸ் பிடிச்சுப் போற மேட்டுல புதுசா அறுநூறு வீட்டை வாங்க ஆள் எங்கே இருக்கு? நாடு முழுக்க 90 லட்சம் வீடு காலியா கிடக்குனு 2023 கணக்கு சொல்லுது.

மத்த சமாசாரங்களைச் சுருக்கமா பார்த்துடலாம். வெளிநாட்டுக்காரங்க ஜப்பான்ல வீடு வாங்கத் தடை இல்லை. ஆனா, வீடு வாங்கினதால விசா கிடைக்காது. இதைச் சொல்லி யாராவது ஆசை காட்டினா ஓடிடுங்க. கடன் வேணும்னா பெரும்பாலான பேங்க் நிரந்தரக் குடியுரிமை விசா கேக்கும். வட்டி மலிவுதான், ஆனா 2024 மார்ச்சுல ஜப்பானோட மத்திய வங்கி மைனஸ் வட்டியை முடிச்சு வெச்சதுல இருந்து ஏறுமுகம். புரோக்கர் கமிஷனுக்குச் சட்டத்துல உச்சவரம்பு உண்டு. விலையில 3 சதவிகிதம், கூட 60,000 யென், அதுக்கு மேல வரி. ஆனா, 80 லட்சம் யென்னுக்குள்ள இருக்கிற மலிவு வீடுகளுக்கு, 2024 ஜூலையிலிருந்து வரியோட 3,30,000 யென் வரைக்கும் கேட்கலாம். முன்கூட்டியே பேசி ஒத்துக்கிட்டிருக்கணும். கையெழுத்துக்கு முன்னாடி லைசென்ஸ் வெச்சிருக்கிற ஒருத்தர் உக்கார்ந்து எல்லாத்தையும் வரி வரியா விளக்கியே ஆகணும். வெள்ள அபாய வரைபடத்துல வீடு எங்கே இருக்குங்கிறதும் 2020-லிருந்து அதுல சேர்த்தி. அந்த ரெண்டு மணி நேரம் தூங்கிடாதீங்க.

சரி, கணக்கு. இதுக்காகத்தானே உக்கார்ந்திருக்கீங்க?

ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம். வீடு 60 லட்சம் யென். கமிஷன், பதிவு எல்லாம் சேர்த்து 5 லட்சம். பழைய குளியலறை, வயரிங், கிச்சன் மாத்த 20 லட்சம். மாசம் ரெண்டு பில்லும் சேர்த்து 35,000. பதினஞ்சு வருஷத்துக்கு 63 லட்சம். சொத்து வரி வருஷம் 50,000-னா ஏழரை லட்சம். கூட்டினா ஒரு கோடியே அம்பத்தஞ்சரை லட்சம் யென். அதே ஏரியாவுல அதே அளவு வீட்டுக்கு வாடகை மாசம் 80,000-னா, பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு கோடியே நாற்பத்துநாலு லட்சம்.

என்ன, வாடகை ஜெயிக்குதா? ஆமா, பதினொன்னரை லட்சம் யென் வித்தியாசத்துல! பதினஞ்சு வருஷம் கழிச்சு அந்த வீட்டை நீங்க பதினொன்னரை லட்சத்துக்கு மேல வித்தா மட்டும்தான் வாங்கினது லாபம். நாற்பது லட்சத்துக்குப் போனா நீங்க ராஜா. வாங்க ஆளே இல்லைன்னா மாசம் 35,000 பில் மட்டும் கூடவே வரும். நிர்வாகம் நல்லா நடக்கிற கட்டிடம்னா முதல் கதை, இல்லைன்னா ரெண்டாவது கதை. என்னைக் கேட்டா, அங்கேயே பத்துப் பதினஞ்சு வருஷம் வாழப் போறோம்னு முடிவு பண்ணினவங்களுக்கு, கடன் இல்லாம கைக்காசுல வாங்க முடிஞ்சவங்களுக்கு, நல்ல அசோசியேஷன் இருக்கிற பழைய ஃப்ளாட் அருமையான டீல். கட்டிடங்களுக்கு நடுவுல செர்ரி மரம், ஜன்னல் நிறைய வெயில், சத்தமில்லாத ராத்திரி... டோக்கியோ நடுவுல பதினோரு கோடி கொடுத்தாலும் இது கிடைக்காது. இன்வெஸ்ட்மென்ட்டுனு சொல்லிட்டு சென்னையில உக்கார்ந்துக்கிட்டே வாங்க நினைக்கிறவங்களுக்கு? வேண்டாம் ராசா.

வாங்கிட்டீங்கனு வெச்சுக்குவோம். குடி போன அன்னைக்கே, சின்ன டவலோ சோப்புப் பவுடரோ வாங்கிட்டு பக்கத்து வீடு, கீழ் வீடு, மேல் வீட்டுக்குப் போய்க் கும்பிடு போட்டுட்டு வாங்க. கீழ் வீடு ரொம்ப முக்கியம். உங்க காலடிச் சத்தம் அவங்க தலைக்கு மேலதான். பால்கனியும் ஜன்னலும் வாசக்கதவும் உங்களோடதுனு நினைச்சு பெயின்ட் டப்பாவைத் தூக்கிடாதீங்க. அதெல்லாம் பொதுச்சொத்து, நீங்க பயன்படுத்திக்கலாம், அவ்வளவுதான். சில மாசம் கழிச்சு, எல்லாம் முடிஞ்சுதுனு நிம்மதியா டீ குடிக்கிறப்போ, சொத்து வாங்கினதுக்கான வரினு மாகாண அரசுகிட்டயிருந்து ஒரு கவர் வரலாம். டென்ஷன் வேண்டாம், அதுக்கும் முன்னாடியே கொஞ்சம் எடுத்து வெச்சுடுங்க.

அப்புறம் ஒரு நாள் தபால் பெட்டியில இன்னொரு கவர். இந்த வருஷம் நிர்வாகக் குழுவுக்கு உங்க படிக்கட்டு முறை! அங்கே பல இடங்கள்ல தேர்தல் கிடையாது, சுழற்சிதான். ஞாயித்துக்கிழமை காலையில பொதுக் கூடத்துல மடக்கு நாற்காலி போட்டு உக்காருவாங்க. எல்லாருக்கும் எழுபது, எழுபத்தஞ்சு. உங்களுக்கு மட்டும் இருபத்தொன்பது. ட்யூப்லைட் மாத்த ஸ்டூல் ஏற ஆள் கிடைச்ச சந்தோஷம் எல்லார் முகத்துலயும். பேப்பரைக் கொடுப்பாங்க. முதல் தீர்மானம், பழுது சேமிப்பை மாசம் 6,000-லிருந்து 14,000 ஆக்குறது. வர முடியாதவங்க கையெழுத்துப் போட்டு அனுப்பின ப்ராக்ஸித் தாள்கள் ஒரு கட்டு மேஜை மேல. எதிர்ல உக்கார்ந்திருக்கிறவர், குடி வந்த அன்னைக்கு உங்களுக்குத் தன் வீட்டுப் பேரிச்சங்காய்... இல்லை, காக்கிப் பழம் கொடுத்த கீழ் வீட்டுத் தாத்தா. பென்ஷன்காரர். தலைவர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, 'ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்'ங்கிறார்.